அறுவை நாளுக்கு முன் ஒரு தாள் வேண்டும்

செவ்வாய்ச் சந்தைக்கு நடந்து போய் வர முடியவில்லை. மலைக்கோயில் படியேறி மூன்று ஆண்டுகள் ஆகிவிட்டன. களையெடுக்க உட்கார்ந்தால் எழுவதற்கு இருவர் கை கொடுக்க வேண்டியிருக்கிறது. முழங்கால் தேய்மானத்துடன் எங்களிடம் வரும் காரிமங்கலம் வட்டாரத்து மக்கள் தங்கள் வலியை இவ்வாறுதான் அளந்து சொல்கின்றனர். அவர்களுள் சிலருக்கு மற்றொரு குறையும் உண்டு. அவர்களுடைய இதயம் சீராகத் துடிப்பதில்லை. இதய மருத்துவர் அதனை 'ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்' என்று எழுதி, இரத்தம் உறையாதிருக்க ஒரு மாத்திரையும் கொடுத்திருப்பார்.

இவ்விரு குறைகளும் ஒருவரிடம் சேரும்போது குடும்பத்தார் பெரும்பாலும் இரண்டு முடிவுகளுள் ஒன்றுக்கு வருகின்றனர். இதயம் பழுதானவருக்கு மூட்டு மாற்று அறுவை கூடவே கூடாது என்பது ஒன்று. எலும்பு மருத்துவர் நாள் குறித்துவிட்டார், மற்றதை அவரே பார்த்துக்கொள்வார் என்பது மற்றொன்று. இரண்டையும் நாங்கள் ஏற்கவில்லை. துடிப்புக் கோளாறு உள்ளவர்களுக்கும் இந்த அறுவையைப் பாதுகாப்பாகச் செய்ய முடியும். ஆனால், உறைவுத் தடுப்பு மாத்திரையை எந்நாளில் நிறுத்துவது, எந்நாளில் மீண்டும் தொடங்குவது, நாள் தள்ளிப்போனால் என்ன செய்வது என்பதை எழுதிய ஒரு தாள் நோயாளியின் கையில் இல்லாதவரை அறுவைக்கு நாள் குறிக்கக் கூடாது என்பதே எங்கள் கருத்து.

இக்கருத்து எங்களுக்கு எளிதில் வந்துவிடவில்லை. எழுபது வயதைக் கடந்த ஓர் அம்மையார் முழங்கால் அறுவைக்காகத் தம் மாத்திரையை ஐந்து நாள்கள் முன்னதாகவே நிறுத்தினார். அவ்வாறுதான் அவரிடம் சொல்லப்பட்டிருந்தது. காப்பீட்டு அனுமதி வரத் தாமதமானதால் அறுவை தள்ளிவைக்கப்பட்டது. அவர் வீட்டுக்குத் திரும்பினார். மாத்திரையை மீண்டும் தொடங்குமாறு அவரிடம் எவரும் சொல்லவில்லை. நிறுத்தச் சொன்னவர்களே தொடங்கவும் சொல்வார்கள் என்று அவர் காத்திருந்தார். இரண்டாம் வாரத்தில் ஒரு நாள் காலையில் அவருக்குப் பேச்சு குழறியது, வலக்கை தளர்ந்தது. ஒரு மணி நேரத்துக்குள் இரண்டும் சரியாகிவிட்டன என்பது அவருடைய நற்பேறு. மருத்துவம் அதனைப் பெரிய பக்கவாதத்துக்கு முன்னறிவிப்பு என்றே கொள்ளும். அவரிடம் சொல்லத் தவறியவர்களுள் நாங்களும் அடங்குவோம். அதனாலேயே இதனை எழுதுகின்றோம்.

மாத்திரை ஏன் இவ்வளவு முக்கியம்?

இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்கி விரியாமல் நடுங்கிக்கொண்டிருக்கும் நிலையே ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். அப்போது இடது மேலறையின் ஓரத்தில் உள்ள சிறு பை போன்ற பகுதியில் இரத்தம் தேங்குகிறது. ஓடாத நீரில் பாசி படிவதுபோலத் தேங்கிய இரத்தத்தில் கட்டி உருவாகிறது. அக்கட்டி பெயர்ந்து மூளைக்குச் சென்றால் பக்கவாதம். இக்கோளாறு உள்ளவர்களுக்குப் பக்கவாத ஆபத்து மற்றவர்களைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு என்று நெடுங்கால ஆய்வுகள் காட்டியுள்ளன. வயது 75-ஐக் கடந்திருத்தல், இரத்த அழுத்தம், சர்க்கரை நோய், இதயச் செயலிழப்பு, முன்பே வந்த பக்கவாதம் ஆகியவை அந்த ஆபத்தை மேலும் கூட்டுகின்றன.

மூட்டு மாற்று அறுவையோ எலும்பை அறுத்துச் செய்யப்படுவது. இரத்தப்போக்கு மிகுதியாக உள்ள அறுவைகளின் வரிசையில் வைக்கப்படுவது. உறைவுத் தடுப்பு மாத்திரை உடலில் முழுவீச்சில் இருக்கும்போது அதனைச் செய்தல் இயலாது. மேலும், இவ்வறுவைகளில் பலவும் முதுகுத் தண்டில் ஊசி செலுத்தி, இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்தே நடைபெறுகின்றன. மாத்திரையின் விளைவு நீங்காத நிலையில் அந்த ஊசியால் தண்டுவடத்தைச் சுற்றி இரத்தம் கசிந்தால் கால்கள் செயலிழக்கவும் கூடும். அது அரிது, நேர்ந்துவிட்டால் கொடிது. ஆகவே மாத்திரையை நிறுத்தியாக வேண்டும். நிறுத்தினால் பக்கவாத ஆபத்து. நிறுத்தும் காலத்தை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைப்பதே இதன் கலை.

நாள் கணக்கு

எல்லா மாத்திரைகளுக்கும் ஒரே கணக்கு இல்லை என்பதைக் குடும்பத்தார் முதலில் அறிதல் வேண்டும். வார்ஃபரின் உடலிலிருந்து மெல்ல நீங்கும். வழக்கமாக ஐந்து நாள்கள் முன்னதாக நிறுத்தி, அறுவைக்கு முந்தைய நாளில் ஐ.என்.ஆர். பரிசோதனை செய்து பார்க்கிறார்கள். அசிட்ரோம் என்ற பெயரில் நம் ஊர்களில் பரவலாக வழங்கும் மாத்திரையும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததே. ஆயினும் அது சற்று விரைவில் நீங்கும். அபிக்சபான், ரிவராக்சபான், டாபிகாட்ரான் ஆகிய புதிய மாத்திரைகள் இன்னும் விரைவில் நீங்குவன. மூட்டு மாற்று போன்ற பெரிய அறுவைகளுக்கு அவற்றை இரண்டு அல்லது மூன்று நாள்கள் நிறுத்தினால் போதும். ஆனால் சிறுநீரகம் நலிந்தவர்களுக்கு டாபிகாட்ரான் நெடுநேரம் தங்கும் என்பதால் நாள்களைக் கூட்ட வேண்டும்.

2019இல் வெளியான ஓர் ஆய்வில், புதிய மாத்திரைகளை உட்கொண்ட ஏறத்தாழ 3,000 பேருக்கு இவ்வாறு எளிய நாள் கணக்கை மட்டும் வைத்து அறுவைகள் செய்யப்பட்டன. பெரும் இரத்தப்போக்கும் பக்கவாதமும் மிகச் சிலருக்கே நேர்ந்தன. இதயத் துடிப்பு சீரற்றவர்களுக்கு அறுவை கூடாது என்று அஞ்சுவோருக்கு அது நல்ல விடை. அமெரிக்க முன்னாள் அதிபர் ஜார்ஜ் எச். டபிள்யூ. புஷ்ஷுக்கு 1991 மே மாதம் மெல்லோட்டத்தின்போது இதே துடிப்புக் கோளாறு வந்தது. தைராய்டு மிகையாகச் சுரந்ததே அதற்குக் காரணம் என்று கண்டறிந்தார்கள். பிற்காலத்தில் அவருக்கு இடுப்பு மூட்டுகள் மாற்றப்பட்டன. அவர் 94 வயது வரை வாழ்ந்தார். துடிப்புக் கோளாறு தெரிந்தவுடன் தைராய்டையும் சோதித்துக்கொள்ள வேண்டும் என்பது அதிலிருந்து நாம் பெறும் மற்றொரு பாடம்.

வார்ஃபரினை நிறுத்தும் நாள்களில் அதற்கு மாற்றாக ஹெப்பாரின் ஊசி போடும் வழக்கம் நெடுங்காலமாக இருந்தது. 2015இல் வெளியான ஆய்வு அதனை மறுசிந்தனைக்கு உட்படுத்தியது. அதில் 1,884 பேர் பங்கேற்றனர். ஊசி போட்டுக்கொண்டவர்களிலும் போடாதவர்களிலும் உறைவுக் கட்டியால் நேர்ந்த தீங்கு ஏறக்குறைய ஒரே அளவாக இருந்தது: 0.3 விழுக்காடும் 0.4 விழுக்காடும். ஆனால் பெரும் இரத்தப்போக்கு ஊசி போட்டவர்களுக்கு 3.2 விழுக்காடு, போடாதவர்களுக்கு 1.3 விழுக்காடு மட்டுமே. ஆகவே இன்று பெரும்பாலோருக்கு இடைக்கால ஊசி தேவைப்படுவதில்லை. "அண்ணனுக்குப் போட்டார்களே, எனக்கு ஏன் போடவில்லை?" என்று கேட்போர் இதனை அறிந்துகொள்ளலாம். செயற்கை உலோக வால்வு பொருத்தியவர்களின் நிலை வேறு; அவர்கள் அந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை. அவர்களுக்கு ஊசி தேவைப்படக்கூடும்.

இன்னொரு வேறுபாடு நம் நாட்டுக்கு மிக முக்கியம். இளமையில் தொண்டைப் புண்ணோடும் மூட்டு வீக்கத்தோடும் வந்த வாதக் காய்ச்சலால் இதய வால்வு சுருங்கி, அதனால் துடிப்புக் கோளாறு அடைந்தவர்கள் இங்குப் பலர். இந்தியா உள்ளிட்ட 24 நாடுகளில் 4,500-க்கும் மேற்பட்டோரிடம் நடத்தி 2022இல் வெளியான ஆய்வில், இத்தகையவர்களுக்குப் புதிய மாத்திரையான ரிவராக்சபானைவிட வார்ஃபரின் வகையே மேலானது என்று தெரிந்தது. பக்கத்து வீட்டுக்காரர் பரிசோதனை ஏதுமின்றி உட்கொள்ளும் மாத்திரைக்கு மாறிவிடலாமே என்று இவர்கள் தாமாக மாறுதல் ஆகாது.

இங்கே குறிப்பிட்ட நாள் கணக்குகள் புரிதலுக்காகத் தரப்பட்டவை. இதனைப் படித்துவிட்டு எவரும் தாமாக மாத்திரையை நிறுத்த வேண்டாம்.

மூன்று ஊர்களில் மூன்று மருத்துவர்கள்

பெருநகரத்தில் ஒரே கட்டடத்தில் இதய மருத்துவரும் எலும்பு மருத்துவரும் மயக்கவியல் மருத்துவரும் இருப்பார்கள். நம் நிலை அப்படியன்று. காரிமங்கலம் தருமபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் இடையில், சேலத்தையும் பெங்களூரையும் இணைக்கும் நெடுஞ்சாலையில் இருக்கிறது. இதயத்தைப் பெங்களூரில் காட்டுகிறோம். முழங்காலைச் சேலத்திலோ தருமபுரியிலோ காட்டுகிறோம். சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் உள்ளூர் ஆரம்ப சுகாதார நிலையம். 2021 ஆகஸ்டில் அண்டை மாவட்டமான கிருஷ்ணகிரியின் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வழியாக அம்மாத்திரைகள் பலருக்கு வீட்டுக்கே வருகின்றன. ஒவ்வொன்றும் நல்லதே. ஆனால் இந்த மருத்துவர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வதில்லை. அவர்களை இணைப்பது நோயாளி கொண்டுவரும் ஒரு துணிக்கடைப் பை. அதில் எல்லாத் தாள்களும் உண்டு. வேண்டிய தாள் மட்டும் இல்லை.

அந்த ஒரு தாளில் இருக்க வேண்டியவை இவை:

1. துடிப்புக் கோளாற்றின் பெயர், அது எப்போதிலிருந்து உள்ளது. பேஸ்மேக்கர் அல்லது செயற்கை வால்வு உண்டா என்பது.
2. உறைவுத் தடுப்பு மாத்திரையின் பெயரும் அளவும். கடைசி மாத்திரையை உட்கொள்ள வேண்டிய நாளும் வேளையும், கிழமையோடு.
3. இடைக்கால ஊசி வேண்டுமா, வேண்டாவா என்பது.
4. அறுவை நாள் காலையில் சிறிது நீருடன் உட்கொள்ள வேண்டிய மாத்திரைகள். மெட்டோப்ரோலால் போன்று துடிப்பின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மாத்திரைகளைப் பொதுவாக நிறுத்துவதில்லை. உறைவுத் தடுப்பு மாத்திரையோடு சேர்த்து அவற்றையும் நிறுத்திவிடுவது அடிக்கடி நேரும் பிழை.
5. அறுவைக்குப் பின் உறைவுத் தடுப்பு மாத்திரையை மீண்டும் தொடங்கும் நாள். அதனை முடிவு செய்யும் மருத்துவர் யார் என்பது.
6. அறுவை தள்ளிப்போனால் அன்றே யாரை அழைத்துக் கேட்க வேண்டும் என்பதும் அவருடைய தொலைபேசி எண்ணும்.

ஆறாவது வரியே அந்த அம்மையாரைக் காத்திருக்கும். நம் வீடுகளில் அறுவை நாள் தள்ளிப்போகக் காரணங்கள் பல: காப்பீட்டு அனுமதி, சளிக் காய்ச்சல், சர்க்கரை ஏற்றம், அட்டமி நவமி, உறவினர் வீட்டுச் சாவு. எந்தக் காரணமாயினும், நாள் நகர்ந்தால் மாத்திரைக் கணக்கும் நகர வேண்டும். நல்ல நாள் பார்ப்பதை நாங்கள் குறை கூறவில்லை. நாளைப் பார்த்து முடித்தபின் மாத்திரையை நிறுத்துங்கள். நிறுத்தியபின் நாளை மாற்றாதீர்கள் என்றே வேண்டுகின்றோம்.

மறைக்காமல் சொல்ல வேண்டியவை

மருந்துக்கடையில் சீட்டின்றி வாங்கும் வலி மாத்திரைகளைப் பற்றிக் குடும்பத்தார் மருத்துவரிடம் சொல்வதில்லை; அவற்றை மருந்தாகவே கருதுவதில்லை. டைக்ளோஃபெனாக், ஏசெக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்றவை உறைவுத் தடுப்பு மாத்திரையுடன் சேர்ந்தால் வயிற்றில் இரத்தப்போக்கை உண்டாக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். நாட்டு மருந்துப் பொடிகளையும் லேகியங்களையும் உட்கொண்டால் அவற்றையும் பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். எவரும் கடிந்துகொள்ள மாட்டார்கள். வார்ஃபரின் வகை மாத்திரை உட்கொள்வோர் கீரையை அறவே நிறுத்த வேண்டியதில்லை. வாரந்தோறும் உண்ணும் அளவு ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் போதும்.

எங்கள் மாவட்டத்துக்கே உரிய மற்றொன்றும் உண்டு. நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்த மாவட்டம் தருமபுரி. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது அதன் பொருட்டே. அதற்கு முன் பல ஆண்டுகள் ஆழ்துளைக் கிணற்று நீரையே குடித்து வளர்ந்தவர்களுள் சிலருக்கு முதுகெலும்பைச் சுற்றியுள்ள தசைநார்கள் கெட்டிப்பட்டிருக்கலாம். அவர்களுக்கு முதுகில் ஊசி செலுத்துவது கடினமாகலாம். முதுகு விறைப்பும் பல்லில் கறையும் இருந்தால் மயக்கவியல் மருத்துவரிடம் சொல்லுங்கள். பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் அதன் அட்டையைக் கொண்டுவர வேண்டும். அறுவையில் பயன்படும் மின்கத்தி அக்கருவியின் செயலில் குறுக்கிடக்கூடும் என்பதால் முன்னும் பின்னும் அதனைச் சோதிக்க வேண்டியிருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, கடைசி மாத்திரையை எப்போது உட்கொண்டீர்கள் என்று கேட்கும்போது உண்மையைச் சொல்லுங்கள். மறந்துபோய் ஒன்றைக் கூடுதலாக விழுங்கியிருந்தால் அறுவை ஒரு நாள் தள்ளிப்போகும், அவ்வளவே.

அறுவை வேண்டுமா என்ற கேள்வி

தாள் இருந்தால் போதும், எல்லோரும் அறுவை செய்துகொள்ளலாம் என்று நாங்கள் சொல்லவில்லை. முழங்கால் தேய்மான அறுவை அவசர அறுவை அன்று. டென்மார்க்கில் 100 பேரிடம் நடத்தி 2015இல் வெளியான ஆய்வில், அறுவை செய்துகொண்டவர்களுக்கு வலி மிகுதியாகக் குறைந்தது. உடற்பயிற்சி, எடைக் குறைப்பு, முறையான வலிமருந்து ஆகியவற்றை மட்டும் பெற்றவர்களுக்கும் ஓரளவு குறைந்தது. அவர்களுள் ஏறத்தாழ நான்கில் ஒருவரே ஓராண்டுக்குள் அறுவையை நாடினர். கடும் பக்கவிளைவுகளோ அறுவைப் பிரிவினரிடமே மிகுதி. ஆகவே இயன்முறைப் பயிற்சியை மூன்று மாதங்களாவது உண்மையாகச் செய்து பார்த்தபின் முடிவெடுப்பது துடிப்புக் கோளாறு உள்ளவர்களுக்கு இன்னும் பொருத்தம். அண்மையில் பக்கவாதம் வந்தவர்கள் குறைந்தது மூன்று மாதங்கள் காத்திருக்க வேண்டும். ஓய்விலும் துடிப்பு மிக விரைவாக உள்ளவர்கள் முதலில் அதனைக் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும்.

கீழே விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தவர்களுக்கு மட்டும் இக்காத்திருப்பு பொருந்தாது. அங்கே தாமதமே தீங்கு. அவர்களை உடனே மருத்துவமனைக்குக் கொண்டுவாருங்கள். உட்கொள்ளும் மாத்திரைகளின் அட்டைகளையும் உடன் கொண்டுவாருங்கள்.

நடக்காமல் வீட்டில் முடங்குவதாலும் இதயத்துக்குக் கேடு உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. எடை கூடும், சர்க்கரையும் அழுத்தமும் ஏறும். அச்சத்தால் அறுவையை ஆண்டுக்கணக்கில் தள்ளுவோர் இதனையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

வீடு திரும்பியபின்

அறுவைக்குப் பின் வலி, இரத்தக் குறைவு, உப்புச்சத்து மாறுபாடு, காய்ச்சல் ஆகியவை துடிப்பைக் கலைக்கக்கூடும். முன்பு கோளாறு இல்லாதவர்களுக்கும் அது புதிதாகத் தோன்றலாம். புதிய மாத்திரைகளை முழு அளவில் மீண்டும் தொடங்குவது பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று நாள்களுக்குப் பின்னரே. காயத்திலிருந்து கசிவு இருப்பின் மருத்துவர் மேலும் பொறுக்கலாம். அந்நாளைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் வீடு திரும்ப வேண்டாம். நாங்கள் சொல்ல மறந்தால் எங்களை நிறுத்திக் கேளுங்கள். அது உங்கள் உரிமை.

முகம் ஒருபுறம் கோணுதல், கை தளர்தல், பேச்சு குழறுதல், மயங்கி விழுதல், மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, ஒரு கால் மட்டும் வீங்கி நோதல், கறுத்த மலம், காயத்தில் நில்லாத இரத்தப்போக்கு ஆகியவற்றுள் எது தோன்றினாலும் விடியட்டும் என்று காத்திராமல் 108-ஐ அழைக்க வேண்டும். அறிகுறி தானாக மறைந்துவிட்டாலும் வந்து காட்ட வேண்டும்.

இந்தத் தாளால் வேலை கூடுகிறது, நாள் தாமதமாகிறது என்று எங்களுள்ளேயே சிலர் சொல்கின்றனர். இதய மருத்துவரிடம் மீண்டும் ஒரு முறை சென்று வரும் செலவு சிறிதன்று என்பதையும் அறிவோம். ஒரு நாள் கூலி போய்விடும். ஆயினும் பக்கவாதம் வந்த ஒருவரைப் பார்த்துக்கொள்ளும் வீட்டில் எத்தனை பேருடைய எத்தனை நாள் கூலி போகிறது என்பதை நாங்கள் கண்டுகொண்டிருக்கிறோம். பல நேரங்களில் ஒரு தொலைபேசி அழைப்பே போதும். அவ்வழைப்பைச் செய்ய வேண்டியவர்கள் மருத்துவமனையினரே. நோயாளியைத் தூது அனுப்புவது முறையன்று.

அந்த அம்மையாருக்கு இன்னும் முழங்கால் வலி இருக்கிறது. சிறிது காலம் கழித்து அறுவை செய்துகொள்ள விரும்புகிறார். இம்முறை அவருடைய பேத்தி ஒரு குறிப்பேட்டுடன் வந்து, நாங்கள் சொல்லுமுன்னரே, "நாள் தள்ளிப்போனால் யாரைக் கூப்பிட வேண்டும்?" என்று கேட்டாள். இத்தாளைப் படிக்கும் ஒவ்வொரு குடும்பமும் அக்கேள்வியோடு வர வேண்டும் என்பதே எங்கள் விருப்பம்.